டவர் பாறை

எந்தப் பள்ளிக்கு இணைய இணைப்பு, எந்தப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு, எதற்கு இரண்டும் இப்போதைக்கு இல்லை என்று திட்டம் போடுகிற நாற்காலியில் என்னை உட்காரவைத்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வருடக்கணக்காகக் கணக்கு டீச்சராகக் கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது. இனிமேல் கணினி முன்னால் உட்கார்ந்து கூட்டிக் கழித்தால் போதும் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் மாற்றலாகிப் போகும் முன் செஞ்சி சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளை எல்லாம் வரிசைப்படுத்தி முடித்துவிட்டுத்தான் போயிருந்தார். நான் ஒவ்வொரு பள்ளியையும் நேரில் பார்த்துவிட்டு, சரி என்று சொன்னால் வேலை முடிந்தது.

விதி ரொம்ப எளிது. செல்போன் டவர் கிடைக்காத பள்ளிக்கு முதலில் கேபிள் போகும். டவர் கிடைக்கிற பள்ளி கொஞ்சம் காத்திருக்கலாம். பணம் எல்லாருக்கும் போதாது என்கிறபோது இதைவிட நியாயமாக யோசிக்க முடியாது. இன்றைக்குக் கேட்டாலும் அந்த விதியில் தப்பு எங்கே என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியாது. எனக்கு எரிச்சலே அதுதான்.

கோட்டை மலைகளைத் தாண்டி, அனந்தபுரம் போகும் சாலையிலிருந்து உள்ளே பிரிந்தால் ஒரு கிராமம் வரும். பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம். சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலைக் காடு, அதற்கு நடுவில் யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி உருண்டைப் பாறைகள். காத்திருக்கும் பள்ளிகளில் அதுவும் ஒன்று. ஓய்வு பெறப் போகிற வயதில் தலைமையாசிரியர், நல்ல மனிதர், என்னைப் பார்த்ததும் வலிக்கிற முட்டியைப் பிடித்துக்கொண்டே எழுந்து டீ வாங்கிவர ஆள் அனுப்பினார்.

"டவர் இருக்குதா சார்?" என்று கேட்டேன்.

"இருக்குது மேடம். நல்லாவே இருக்குது."

என் போனில் ஒரு கோடுகூட இல்லை. ஜன்னலோரம் போனேன், வராண்டாவுக்கு வந்தேன், கையை உயர்த்திப் பிடித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"எங்க சார் இருக்குது?"

"தோ" என்று ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். பள்ளிக்குப் பின்னால், வயலைத் தாண்டி, பனை உயரத்துக்கு ஒரு பாறைக் குவியல். "டவர் பாறைன்னு பேரு மேடம். நான் காலைல ஏறித்தான் அட்டெண்டன்ஸ் போடறன். செருப்பக் கழட்டிட்டு ஏறணும், அவ்ளோதான். உச்சில நின்னா ஒரு கம்பெனி கெடைக்கும், இந்தாண்ட பக்கம் குந்திக்கினா இன்னொரு கம்பெனி."

போன வருடம் எனக்கு முன்னால் இருந்தவர் போனில் கேட்டபோதும் இதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். பொய்யே இல்லை. ஊரில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு இருக்கிற மாதிரி இவர்களுக்கு டவர் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. மூட்டுவலிக்காரர் ஒருவர் தினமும் பாறை ஏறி வருகைப்பதிவு போடுகிறார் என்று அலுவலகத்தில் போய்ச் சொன்னால் ஒரு வாரம் சிரிப்பார்கள் என்றுகூட நினைத்தேன்.

"சாயங்காலம் பாருங்க, இன்னும் நல்லா கெடைக்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பசங்க அந்தப் பொண்ணக் கூப்புடுவாங்க."

எந்தப் பெண் என்று கேட்டேன். சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். கொரோனா சமயத்தில் வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து வகுப்புக் குழுவில் அனுப்பும் பழக்கம் வந்தது. பள்ளி திறந்த பிறகும் அது நிற்கவில்லை. பயிற்சித் தேர்வு, வினாடி வினா என்று எல்லாமே போனில்தான் வந்தது. போன மழைக்காலத்தில் எட்டாவது படித்த ஒரு பெண் எதையோ அனுப்பப் பாறையில் ஏறியிருக்கிறாள். அனுப்பிவிட்டு இறங்கும்போது கால் வழுக்கி இரண்டு பாறைகளுக்கு இடையில் விழுந்துவிட்டாள். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் யாரும் ஏறவில்லை. பரீட்சை வந்ததும் ஏறினார்கள். ஏறினவர்கள், அவள் கடைசியாக நின்ற இடத்தில் டவர் முன்னைவிட நன்றாகக் கிடைக்கிறது என்று வந்து சொன்னார்கள். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே கிடைக்கிறது என்றும் சொன்னார்கள். யார் முதலில் சொன்னது என்று தெரியாது. ஊர் முழுக்க அதுதான் பேச்சு.

இந்த மாதிரி கதைகளைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். வகுப்பில் எத்தனை பேரை இதற்காகத் திட்டியிருக்கிறேன். ஆனாலும் சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். நேரில் பார்ப்பதுதானே என் வேலை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் போனோடு ஏறினார்கள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே ஏறினேன். பகல் வெயிலில் பாறை இன்னும் சுட்டது. உச்சியில் ஓர் ஓரத்தில் மஞ்சள் குங்குமம் தடவியிருந்தது. அந்த இடத்தை விட்டுத் தள்ளி நின்றுகொண்டு, கையை மட்டும் அந்தப் பக்கம் நீட்டி, ஒரு பெண் அவள் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"யக்கா! அனுப்பி வுடுக்கா!"

பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். விளையாட்டாக இல்லை, பயத்தோடும் இல்லை. கடைக்காரரிடம் பொருள் கேட்பதுபோல வரிசையாக, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவரவர் போனில் படம் போய்ச் சேர்ந்தது. என் போனில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

"நீங்க கூப்புடலையே மிஸ்" என்றாள் அந்தப் பெண்.

சிரித்துவிட்டு அவர்களை முதலில் இறங்கச் சொன்னேன். எல்லாரும் இறங்கிய பிறகு, இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது, வாய்க்குள் அந்தப் பெயரைச் சொன்னேன். கோடு வந்தது. முழுசாக வந்தது. நான் நின்ற பக்கம் மாறியிருக்கும், அத்தனை போனும் ஒரே நேரத்தில் இழுத்தது நின்றிருக்கும், எத்தனையோ காரணம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த உச்சியில் அந்த நேரத்தில் எனக்குப் பயமாக இருந்தது. உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து இறங்கினேன்.

கீழே தலைமையாசிரியரோடு ஓர் அம்மா நின்றிருந்தார். பாறையை ஒட்டின கடைசி வீடு அவருடையது. களை வெட்டிவிட்டு வந்த சேற்றுக்காலோடு நின்றார். யாரென்று தலைமையாசிரியர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"டீச்சரம்மா, மேலாபீசுலருந்து வந்திருக்கீங்கன்னு சொன்னாங்க" என்றார். "எம்பொண்ண எறக்கி வுடச் சொல்லுங்கம்மா."

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து அவரே விளக்கினார். "தெனம் பொழுதோட அவ பேரச் சொல்லிக் கூப்புடறாங்க. உசிரோட இருந்தப்ப நானே அவள இத்தினி தடவ கூப்புட்டதில்ல. அடுப்பாண்ட குந்தினு கேட்டுக்கினே இருக்கறன். செத்தும் அதுக்கு வேல ஓயலியே. அங்கியே நிக்க வச்சி வேல வாங்கறாங்க."

"பசங்களக் கண்டிக்கலாமேம்மா" என்றேன்.

"இன்னான்னு கண்டிக்கறது? அதுங்களும் படிக்கணுமில்ல. எம்பொண்ணு மாதிரிதான அதுங்களும். டவரு பள்ளிக்கூடத்துக்கே வந்துடுச்சின்னா அதுங்க ஏன் ஏறப் போவுது, அவள ஏன் கூப்புடப் போவுது? நீங்க நெனச்சா முடியும்னு சொன்னாங்க."

பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மறுநாள் எங்கள் அதிகாரியிடம் போனேன். அந்தப் பள்ளிக்கு இந்த வருடமே கேபிள் வேண்டும் என்றேன்.

"டவர் இருக்குதுன்னு அவங்களே சொல்லியிருக்காங்களே மேடம்."

"பாறை உச்சியில சார்."

"உச்சியோ அடியோ, இருக்குது இல்ல? நாம எப்படி இல்லன்னு எழுதறது?"

எனக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் போட்டுக் காட்டினேன். வகுப்பறைக்குள் வேகம் என்ன, பாறையில் என்ன, ஒரு பிள்ளைக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று வரைபடம்கூடப் போட்டேன். பார்க்கிறேன் என்றார். மறுபடி போனேன். பார்க்கிறேன் என்றார். ஒருநாள் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். அன்றைக்கு என் பொறுமை போயிருந்தது.

"செத்துப்போன பொண்ணப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் சார் அங்க வீட்டுப்பாடம் அனுப்பறாங்க. நம்ம திட்டத்துல டவர் இருக்குதுன்னு இருக்கே, அது அந்தப் பொண்ணுதான்."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். வண்டியில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டாமல் வெளியே கிளம்பாத மனிதர்.

"கூப்புட்டா வருதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வந்தது சார்."

பள்ளிப் பட்டியலை எடுத்துப் பிரித்தார். பிறகு, "யாரை எடுத்துட்டு இவங்களப் போடறது?" என்று கேட்டார். கணக்கு சொல்லி நடக்காதது பேய் சொல்லி ஒரு டீ ஆறுவதற்குள் நடந்தது. எனக்கு அதில் சந்தோஷமா அவமானமா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒரு பள்ளியை உள்ளே கொண்டுவந்தால் இன்னொன்று வெளியே போயாக வேண்டும். ஏற்கெனவே ஓர் இணைப்பு இருந்து, இரண்டாவது கேட்டிருந்த டவுன் பள்ளியை எடுத்தேன். அந்தத் தலைமையாசிரியை ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கோபமும் நியாயம்தான்.

அனுமதி வர, கொல்லைக்காரர்கள் சம்மதித்துக் கம்பம் நட, மாதங்கள் போயின. அதுவரைக்கும் சாயங்காலம் ஆனால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன், இந்நேரம் கூப்பிட ஆரம்பித்திருப்பார்கள் என்று தோன்றும். பஸ்ஸில் போன் இழுக்காமல் நின்றால் அந்தப் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொள்வேன். ஒரு தடவைகூடப் பார்த்திராத பிள்ளை அவள்.

கேபிள் இழுக்க ஆள் வந்த அன்று நானும் போனேன். அந்த அம்மா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பள்ளிக்கூட வாசற்படியில் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் ஏணியைச் சாய்த்துக் கம்பத்திலிருந்து வயரை இழுத்து, சுவரில் துளை போட்டு, அலுவலக அறையில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதில் பச்சை விளக்கு எரிந்தது. தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வருகைப்பதிவு போட்டுவிட்டு, உள்ளங்காலைத் தடவிக்கொண்டு சிரித்தார். வராண்டா முழுக்கப் பிள்ளைகளின் போன்கள் டிங் டிங் என்று அடித்தன. எனக்குப் பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

மீதி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம் அந்த அம்மா போனார்.

"எம்மா நேரம் ஆச்சிப்பா இதுக்கு?"

"அர நாள் வேலம்மா. காலைல வந்தோம், சோறு துன்னுட்டு முடிச்சிட்டோம்."

"அர நாளா?"

"ஆமாம்மா. இது இன்னா பெரிய வேலயா?"

அந்த அம்மா தலையாட்டினார். திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, சும்மாதான் பார்த்தார். கம்பம், அனுமதி, பணம், எது முன்னால் எது பின்னால் என்று நாங்கள் போடுகிற கணக்கு, எல்லாவற்றையும் நான் சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் அது ஏதோ மலையைப் பெயர்க்கிற வேலை, அதனால்தான் யாராலும் முன்பே செய்ய முடியவில்லை என்று அவர் நினைத்திருக்கிறார்.

சாயங்காலம் ஆயிற்று. பிள்ளைகள் வராண்டாவிலேயே உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பாறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அம்மா எழுந்து வயல் வரப்பில் நடந்தார். தனியாக விட மனம் வராமல் நானும் பின்னால் போனேன்.

பாறை அடியில் நின்று மேலே பார்த்தார். வழக்கமாகக் குரல் கேட்கிற நேரம் அது. ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு இரண்டு கையையும் வாயருகே குவித்து, மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சோறு ஆறுகிறது என்று தெருவில் விளையாடும் பிள்ளையை அம்மாக்கள் கூப்பிடுவார்களே, அந்தக் குரல்.

"எல்லாருதும் போயிடுச்சி. போதும், வூட்டுக்கு வாடி."

மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவசரமாக இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"பாத்து எறங்குடி. வழுக்கும்."