ஓட்டுநர் இருக்கையில் வாகிரான்

கிளாத்தன் என்ற ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் வாகிரானுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்த ரகசியம் அவர் மனைவி சுமியாத்தி ஒருத்திக்குத்தான் தெரியும். மற்றவர்கள் எல்லோரும் அவரைப் பெரிய ஓட்டுநர் என்று நம்பி, ‘ஐயா’ என்பதுபோல மரியாதையாக ‘பாக்’ போட்டுச் சந்தேகம் கேட்டார்கள். எல்லாம் அவருடைய வாய் செய்த வேலை. தினமும் ஸ்கூட்டரில் மனைவிக்குப் பின்னால் உட்கார்ந்து கடைக்குப் போவதைத் தெருவே பார்க்கத்தான் செய்தது. அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். கார் பிடித்துப் பழகிய கைக்கு ஸ்கூட்டர் ஒத்துவராதாம்.

அவர் ஓட்டியதெல்லாம் கணினியில்தான். சாப்பாட்டு மேசையில் ஒரு ஸ்டீயரிங்கைத் திருகி மாட்டி, காலடியில் பெடல்களை வைத்துக் கார்ப் பந்தயம் ஓட்டுவார். விளையாட்டு என்று யாராவது சொன்னால் முகம் சிவந்துவிடும். அந்தப் பந்தயத்தில் காரை எங்கிருந்து பார்ப்பது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். பின்னாலே உயரத்திலிருந்து முழுக் காரையும் பார்க்கலாம். காரின் மூக்கு நுனியிலிருந்து பார்க்கலாம். உள்ளே ஓட்டுநரின் கண்ணாலும் பார்க்கலாம். தெருவில் எல்லோரும் வசதிக்காகப் பின்னாலிருந்துதான் பார்த்தார்கள். வாகிரானுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

“காருக்குப் பின்னாடி அந்தரத்துல உக்காந்துகிட்டு எவன்யா ஓட்டுவான்? பேய்தான் ஓட்டும்! மூக்கு நுனியில இருந்து பாக்குறவன் யாரு? வண்டியில அடிபட்டு முன்னாடி ஒட்டிகிட்டே போறவன். மனுஷனாப் பொறந்தா உள்ள உக்காருங்க.”

உள்ளே உட்கார்ந்ததோடு நிறுத்தியிருக்கலாம். திரையில் ஒரு ஸ்டீயரிங், அதைப் பிடித்தபடி இரண்டு கை. இங்கே இன்னொரு ஸ்டீயரிங், அவருடைய இரண்டு கை. நாலு கையால் எவன் ஓட்டுவான் என்று திரையில் இருந்ததை மறைத்தார். அடுத்து, சாலை நிஜ அளவில் தெரிய வேண்டும் என்ற பைத்தியம் பிடித்தது. கடையின் டேப்பால் கண்ணுக்கும் திரைக்கும் தூரம் அளந்து காட்சியைச் சுருக்கியதில், தபால்பெட்டியின் வாய் வழியாகப் பார்ப்பது போல ஆயிற்று. திரையை மூக்கருகே இழுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. டிவியைத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள் என்று பகலெல்லாம் உபதேசம் செய்கிற மனிதர், சாயங்காலம் திரையில் மூக்கை உரசிக்கொண்டு உட்கார்ந்தார்.

மழைப் பந்தயத்தன்று சுமியாத்தி ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து நின்றாள்.

“நிஜம்னா நனையணுமில்ல?”

“கார்ல முன்னாடி கண்ணாடி இருக்கு, சுமி.”

“அப்ப கண்ணாடி மேல தெளிக்கிறேன்” என்று அவருடைய மூக்குக்கண்ணாடியைக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

பாலம் வந்தால் வேகத்தைக் குறைத்து ஹார்ன் அடிப்பார். பாலத்தில் குடியிருக்கும் ஆவிகளிடம் உத்தரவு கேட்காமல் கடப்பது மரியாதைக் குறைவு என்று இந்தப் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? கணினிக்குள் இருக்கிற பாலத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று மனைவி கேட்டதற்கு, “இல்லேன்னு உனக்கு யாரு சொன்னா?” என்று மடக்கிவிட்டார்.

ஆகஸ்டில் சுதந்திர தினம் வந்தது. தெருத் தலைவர் ஹார்ஜித்தோ, சாக்கு ஓட்டம், தொங்கும் அப்பளம் கடிப்பது ஆகியவற்றோடு கணினிப் பந்தயத்தையும் சேர்த்துவிட்டார். இறுதிச் சுற்றில் வாகிரானும், கோழி நூடுல்ஸ் கடை ரெத்னோவும். ரெத்னோ காருக்குப் பின்னாலிருந்து ஓட்டும் பேய்ப் பார்வைக்காரி. இருவரும் உட்கார்ந்த பிறகுதான் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

“ஜெயிக்கிறவங்க நாளைக்கு ஊர்வலத்துல பிக்கப் வண்டிய ஓட்டணும். நம்ம தெருக் குழந்தைங்க அத்தனை பேரும் பின்னாடி ஏறி நிப்பாங்க. சும்மாவா!”

வாகிரான் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். சுமியாத்தி காதருகே குனிந்தாள்.

“இப்பவே சொல்லிடுங்க.”

“சொல்லிட்டுத் தெருவுல தலைகாட்டவா?”

“அப்பத் தோத்துடுங்க.”

“பேய்ப் பார்வைகிட்டயா!”

ஜெயித்தால் வண்டியில் ஏற்றுவார்கள், தோற்றால் கொள்கை போகும். இரண்டும் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் ஓட்டினார். பாவம், நன்றாகவே ஓட்டினார். கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்தபோது பாலம் வந்தது. தோற்க வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. கால் தானாகப் பிரேக்கை மிதித்தது, கை ஹார்னை அழுத்தியது, வாய் “மன்னிக்கணும், கடந்து போறோம்” என்றது. ரெத்னோ பக்கத்தில் சீறிக்கொண்டு போய் ஜெயித்துவிட்டாள்.

வாகிரான் நிம்மதியாக மூச்சு விட்டார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. பெரியவர்கள் தலையாட்டிக்கொண்டார்கள். ரெத்னோ எழுந்து, “எனக்குக் கார் ஓட்ட வராதுங்க” என்று பட்டென்று சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை என்பதுதான் வாகிரானுக்கு ஆச்சரியம். தலைவர் மறுபடி மைக்கைப் பிடித்தார்.

“படத்துல இருக்கிற பாலத்துக்கே உத்தரவு கேக்குற மனுஷன். குழந்தைங்களை வேற யாரை நம்பி ஏத்துறது? பாக் வாகிரான்தான் ஓட்டுறாரு!”

மறுநாள் காலை, காகிதக் கொடிகள் கட்டிய பிக்கப்பில் அவரை ஏற்றி உட்கார வைத்தார்கள். எத்தனையோ பந்தயம் ஓட்டிய மனிதருக்குத் தன் வண்டியின் மூக்கு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. சாவியைத் திருப்பினார். வண்டி உறுமியது. கண்ணாடியில் பார்த்தார்; பின்னால் குழந்தைகள், முகத்தில் நாட்டுக் கொடியின் சிவப்பு வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் பயந்துபோனார். மானம் போகும் என்ற பயத்தைவிடப் பெரிய பயம். என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

“எனக்கு ஓட்டத் தெரியாது” என்றார். “சாவி போட்டதே இன்னிக்குத்தான்.”

ரெத்னோதான் முதலில் வாய் திறந்தாள்.

“அப்ப இத்தனை வருஷமா சுமி அக்காவோட ஹெல்மெட்டப் பின்னாடியிருந்தே பாத்துகிட்டுப் போனீங்களே, அது எந்தப் பார்வை, பாக்?”

சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று. வாகிரான் காது சிவக்க நின்றார். ஊர்வலம் தொடங்கும் முரசு கேட்டது. ஓட்டத் தெரிந்தவர்களெல்லாம் முன்னாலேயே போய்விட்டிருந்தார்கள். ஹார்ஜித்தோ தலையைச் சொறிந்து ஒரு முடிவுக்கு வந்தார். என்ஜின் வேண்டாம், ஆம்பளைகள் தள்ளட்டும்.

“ஸ்டீயரிங் மட்டும் பிடிக்கத் தெரியுமில்ல? ஏறுங்க.”

சுமியாத்தி பக்கத்து இருக்கையில் ஏறி, கைப்பிரேக்கைப் பிடித்துக்கொண்டாள். தெரு மொத்தமும் பின்னால் நின்று தள்ள, வண்டி அசைந்தது. சத்தமே இல்லாமல் போகிறதே என்று குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். வேறு வழியில்லாமல் வாகிரான் வாயாலேயே உறுமத் தொடங்கினார். திருப்பத்தில் கியர் மாற்றும் சத்தமும் கொடுத்தார்.

“மெதுவாப் போங்க” என்றாள் சுமியாத்தி.

“நான் எங்க போறேன்? அவங்கதான தள்ளுறாங்க” என்று சொல்லிவிட்டு, உறுமலைக் கொஞ்சம் குறைத்தார்.