தடவிப் பார்க்கும் எழுத்து

மண்ணூரில் எங்கள் ஷெட்டை வாடகைக்கு விட்டுவிட்டோம். இப்போது அதில் கார் சீட்டுகளுக்கான பஞ்சு அடுக்கியிருக்கிறார்கள். இங்கே டீசல் எஞ்சின் செய்தோம் என்று சொன்னால் லோடு ஏற்ற வரும் லாரிக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். சிரிக்கிற மாதிரிதான் என் அண்ணன் அதை முடித்து வைத்தார்.

ஒற்றை சிலிண்டர் எஞ்சின். கைப்பிடி போட்டுச் சுற்றினால் கிளம்பும். கரண்ட் கனெக்‌ஷன் கேட்டு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்த விவசாயிகள் தண்ணீர் இறைக்க வாங்கினார்கள். செய்வது அண்ணன் வேலை, பழுது பார்ப்பது என் வேலை. ஸ்கூட்டரில் ஸ்பேனர் பையோடு போய் நான் இறங்கியதும், பொம்பளை வந்து என்ன செய்யப் போகிறாள் என்று முகம் சுளிப்பார்கள். எஞ்சின் கிளம்பிவிட்டால் அதே ஆட்கள் மோர் கொடுப்பார்கள்.

எஞ்சினின் இரும்பு உடம்பில் எங்கள் அம்மாவின் பெயர் புடைத்துக்கொண்டு நிற்கும். அதுதான் கம்பெனியின் பெயரும். கொஞ்சம் விற்கத் தொடங்கியதும் போலிகள் வந்தன. ஸ்டிக்கரை எவன் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம், இரும்பில் எழுத்து எழும்ப வார்ப்பது அவ்வளவு சுலபமில்லை. அதனால் வாலாஜாபாத் பக்கத்தில் ஒரு வழக்கம் வந்தது. வாங்குவதற்கு முன் கட்டைவிரலால் அந்தப் பெயரைத் தடவிப் பார்ப்பார்கள். விரலில் தட்டுப்பட்டால் அசல், இல்லாவிட்டால் டூப்ளிகேட். ஊர் ஊராகப் போய் அந்த வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்ததும் நாங்கள்தான்.

பிறகு பெரிய கம்பெனி ஒன்று வந்தது. விவசாயக் கருவிகள் விற்பவர்கள், எல்லா மாவட்டத்திலும் கடை வைத்திருந்தார்கள். எங்கள் எஞ்சினைத் தங்கள் பெயர்ப் பலகை போட்டு விற்பார்களாம். யார் செய்தது என்று நாங்கள் வெளியே மூச்சுவிடக் கூடாதாம். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் லோடில் அம்மாவின் பெயரை ஒவ்வொரு எஞ்சினிலும் கிரைண்டர் வைத்துத் தேய்த்து அனுப்பினோம். தேய்த்த இடம் அசிங்கமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அண்ணன் ஆசாரியைக் கூப்பிட்டார். எஞ்சின் உடம்புக்கு மரத்தில் ஒரு பேட்டர்ன் உண்டு. அதை மணலில் பதித்து எடுத்து, விழுந்த பள்ளத்தில் இரும்பை ஊற்றுவார்கள். எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதிலிருந்த எழுத்தையே செதுக்கி எடுத்துவிடச் சொன்னார்.

"இன்னொரு பேட்டர்ன் போடுண்ணா. நம்ம எஞ்சினுக்கு இன்னா பண்ணுவ?" என்று கத்தினேன்.

"அவங்களுக்கு உடனே வேணும், அதுக்கெல்லாம் டைம் இல்ல. நம்மளுதுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம். எஞ்சின் ஒண்ணுதானே, எழுத்துல இன்னா இருக்கு?"

ஆசாரி என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், உளியை எடுத்தார். அம்மாவின் பெயர் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. அண்ணன் அதைப் பார்க்கக்கூட நிற்கவில்லை, போனில் பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

எங்கள் பெயரில் விற்கவும் கொஞ்சம் எஞ்சின் செய்தோம். ஸ்டிக்கரோடு கடைக்குப் போனவை அப்படியே திரும்பி வந்தன. வழவழவென்று இருந்த இரும்பைப் படம் எடுத்து, "மேடம், உங்க பேர்ல டூப்ளிகேட் ஓடுது, பாத்துக்கோங்க" என்று கடைக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நல்ல மனுஷன்.

பெரிய கம்பெனிக்கு வேறு எங்கோ மலிவாக எஞ்சின் கிடைத்தது. ஒரே போனில் எங்களைக் கைகழுவினார்கள். எங்கள் பேச்சைக் கேட்டுப் பழைய ஆட்கள் மறுபடி வாங்கினால்தான் ஷெட் நிற்கும், இல்லாவிட்டால் பூட்டு. அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான்தான் கிளம்பினேன்.

வாலாஜாபாத் தாண்டி, ஆரம்பத்திலிருந்தே எங்களிடம் வாங்கிய பெரியவர் ஒருவரிடம் முதலில் போனேன். அவர் வாங்கினால் அந்தப் பக்கம் பாதிப் பேர் வாங்குவார்கள். வரப்பில் நின்றபடியே, புது எஞ்சின் போட வேண்டும் என்றீர்களே, எங்களிடம் வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன்.

"வாங்கிட்டேனே. வா, காட்றேன்" என்று கூட்டிப்போனார்.

மோட்டார் கொட்டகையில் எங்கள் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மேலே அந்தப் பெரிய கம்பெனியின் பலகை. சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அண்ணன் கையால் பூட்டியது.

"கடையில உங்க எஞ்சினும் இருந்துச்சும்மா. தடவிப் பாத்தேன், எழுத்து இல்ல. டூப்ளிகேட்டுன்னு வுட்டுட்டு இத்த எடுத்தேன். இன்னா ஓட்டம் ஓடுது பாரு! கோச்சிக்காதம்மா. உங்க அண்ணன அந்தக் கம்பெனில போயி, எஞ்சின் எப்டி செய்யறாங்கன்னு கத்துக்கினு வரச் சொல்லு."

உண்மை வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் நம்பியிருப்பாரா? வியாபாரத்தைப் பிடுங்கிக்கொண்டவர்களை ஊத்தி மூடப்போகிறவள் கரித்துக்கொட்டுகிறாள் என்றுதான் நினைத்திருப்பார். சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

சொல்லவும் செய்தேன். ஒரு வார்த்தை விடாமல், அண்ணனுக்குச் சுருக்கென்று தைக்கட்டும் என்றே சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எஞ்சின் நல்லா ஓடுதாமா?" என்றார்.

ஓடுகிறது என்றேன். அப்போது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.