ஓசிக் கம்ப்யூட்டரும் என் கடையும்

லேப்டாப் பழுது பார்க்கிற தொழிலில் பாதி நேரம் கைக்கு வேலை. மீதி நேரம், "இது இனித் தேறாதுங்க" என்பதை வந்தவர் மனம் நோகாமல் சொல்ல வாய்க்கு வேலை. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் கடை வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு லேப்டாப் இருக்கும். ஆன் செய்துவிட்டுப் போய்க் காபி போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே உங்களிடம் மனம்விட்டுப் பேசலாம்.

கொஞ்ச காலமாகக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். புது லேப்டாப் வேண்டாமாம். பிரவுசரைத் திறந்தால் அதற்குள்ளேயே ஒரு முழுக் கம்ப்யூட்டர் இலவசமாம். கிளவுட் டெஸ்க்டாப் என்று பேர். கம்ப்யூட்டர் ஓடுவது எங்கோ வெளிநாட்டில். அதன் திரை மட்டும் நம் பிரவுசரில் தெரியும். எது உருப்படி என்று ஆளாளுக்குக் கேட்டதால், கிடைத்ததையெல்லாம் நானே திறந்து பார்த்தேன். ஒன்று வாசலிலேயே கிரெடிட் கார்டு கேட்டது. ஒன்று, முன்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்று வரிசையில் நிற்க வைத்தது. இன்னொன்று பார்க்க அழகு, ஆனால் நமக்கு வேண்டிய எந்த மென்பொருளையும் அதில் போட முடியாது. ஃபர்னிச்சர் கடையில் அலங்காரத்துக்கு வைத்திருக்கும் அட்டை டி.வி. மாதிரி. தேறியது இரண்டோ மூன்றோ. அவற்றை வைத்துக்கொண்டு பட்ட பாடுதான் இது.

சூரியன் எந்த ஊரில் உதித்தது?

சம்பத் மாமா உத்தர வீதியில் இருக்கிறார். கல்யாணம், கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் நாள் பார்த்துக் கொடுப்பவர். அவருடைய பஞ்சாங்க மென்பொருள் பழைய லேப்டாப்போடு படுத்துவிட்டது. மகன் அனுப்பிய புது மெஷினிலோ பிரவுசரைத் தவிர வேறு எதுவும் ஓடாது. சரி என்று ஒரு கிளவுட் டெஸ்க்டாப்பைத் திறந்து, அதில் அந்த மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். பிரமாதமாக ஓடியது. மாமா என்னை வாயார ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் மெஷினை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார். ராகு காலம் ராத்திரியில் வருகிறதாம். பார்த்தால், அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிற ஊரின் நேரத்தை எடுத்துக்கொண்டு அந்த ஊர்ச் சூரியோதயத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறது. மாற்றி வைத்தேன். வெளியே வந்து மறுபடி நுழைந்தால் பழைய குருடி. மாமா மெஷினை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "பெருமாள் இங்கே எழுந்தருளியிருக்கார், நான் இங்கே இருக்கேன், முகூர்த்தமும் இங்கேதான். சூரியன் மட்டும் எதுக்கும்மா அங்கே போய் உதிக்கணும்?"

ஒழுக்கத்துக்குக் கிடைத்த பரிசு

சிஸ்டர் பிலோமினா, மண்ணச்சநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியை. லேபில் இருக்கிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் ரிடையர் ஆக வேண்டிய வயது. பிள்ளைகளுக்கு புரோகிராம் எழுதிப் பழக ஒரு வழி வேண்டும் என்றார். நேரில் போய் ஒரு மெஷினில் சோதித்துப் பார்த்தேன், வேலை செய்தது. வகுப்பு முழுக்க உட்கார்ந்தது. சிஸ்டர் பேச்சுக்கு அன்றைக்கு மறுபேச்சே இல்லை. சொன்னதும் எல்லோரும் ஒன்றாக பட்டனை அமுக்கினார்கள்.

திரைகள் ஒவ்வொன்றாக வெள்ளையாகின. ஒரே இணைப்பிலிருந்து இத்தனை பேர் நுழைவதைப் பார்த்த அந்தச் சேவை, யாரோ தாக்க வருகிறார்கள் என்று நினைத்துப் பள்ளிக்கூடத்தையே தடை செய்துவிட்டது. எழுதி முறையிட்டேன். இலவசக்காரர்களுக்கு யார் பதில் போடுகிறார்கள்? சிஸ்டர் கோபப்படவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பும்போது சொன்னார்: "இந்த கிளாஸ் சொன்ன பேச்சைக் கேட்டதே இன்னைக்குத்தாங்க. அதுக்குப் போயி வெளிய தள்ளிட்டாங்களே."

தாய்மாமன் எங்கே?

மருங்காபுரியிலிருந்து முருகேசன் வந்தார். ஃபிளெக்ஸ் பேனர் டிசைன் செய்பவர். அவர் மெஷின் என் மேஜையில் பிரிந்து கிடந்த சமயம், கையில் ஒரு காதுகுத்து பேனர். நானே கிளவுட் டெஸ்க்டாப் திறந்து, தமிழ் எழுத்துரு போட்டுக் கொடுத்தேன். முடித்துப் படமாக்கித் தன் மெயிலுக்கு அனுப்பிக்கொண்டார். மறுநாள் தாய்மாமன் பேர் விட்டுப்போச்சு என்று விழா வீட்டார் போன் செய்ய, அவரே போனிலிருந்து நுழைந்து அந்தப் பெயரை மட்டும் சேர்த்து, அப்படியே பிரிண்டுக்கு அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் நாம் போட்டதையெல்லாம் அந்தச் சேவை துடைத்துவிடும், முதல் நாள் போட்ட எழுத்துரு அன்றைக்கே அழிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியாது. முந்தின நாள் எழுத்துகளெல்லாம் படமாக மாறிவிட்டதால் தப்பித்தன. புதிதாகச் சேர்த்தது தப்பவில்லை. போன் திரையின் சிறிய அளவில் அது அவர் கண்ணுக்கும் படவில்லை. விழா முடிந்து கடைக்கு வந்தவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "எல்லார் பேரும் பளிச்சுனு இருக்கு, தாய்மாமன் இருக்கிற இடத்துல மட்டும் கட்டம் கட்டமா இருக்குங்க. சீர்த்தட்டோட அப்படியே திரும்பிப் போறேன்னு நின்னுட்டாரு."

மாடிப்படி இல்லாத வீடு

நஸ்ரின் சிவில் டிப்ளமோ முடித்த பெண். மழையில் கூரை ஒழுகி லேப்டாப் போர்டு கருகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு கம்பெனி, மாடி வீட்டுக்கு பிளான் வரைந்து சாயங்காலத்துக்குள் அனுப்பச் சொல்லியிருந்தது. வரைந்தால்தான் நேர்காணல். என் கடைக் கம்ப்யூட்டர் பில் போடவே மூச்சு வாங்கும். ஆகவே வரிசையில் நிற்க வைத்தாலும் பிளான் மென்பொருள் ஓடுகிற அந்த கிளவுட் டெஸ்க்டாப்தான் கதி. காத்திருந்து நுழைந்தாள். வரைய வரைய மெயிலுக்கு அனுப்பிக்கொண்டே இரு என்று அவள் பின்னால் நின்று நச்சரித்தேன். அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

மாடிப்படி வரைந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. போன் இணைப்பில் திரும்ப நுழைந்தால் மறுபடி வரிசை; வரிசை முடிந்து உள்ளே போனால் துடைத்துவைத்த காலிக் கம்ப்யூட்டர். அவள் அழவில்லை, நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியாக மெயிலில் இருந்ததை, என்ன நடந்தது என்று நாலு வரி எழுதிச் சேர்த்து அனுப்பச் சொன்னேன். படியில்லாமல் மாடி மட்டும் உள்ள வீடு போய்ச் சேர்ந்தது. நேர்காணலில், "மாடிக்கு எப்படிம்மா ஏறுறது?" என்று கேட்டார்களாம். வெள்ளைத்தாள் வாங்கி அவர்கள் முன்னாலேயே படியை வரைந்து காட்டியிருக்கிறாள். வேலை கிடைத்துவிட்டது.

சேர்ந்த வாரமே இனிப்புப் பெட்டியோடு வந்தாள். புது லேப்டாப் கொடுத்தார்களா என்று ஆசையாகக் கேட்டேன். "குடுத்தாங்கக்கா, அதுல பிரவுசர் மட்டுந்தான் இருக்கு. அங்கயும் எல்லாம் கிளவுட் டெஸ்க்டாப்தானாம்."

ஆக, எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது, இலவச கிளவுட் டெஸ்க்டாப் என்பது நன்றாக ஓடுகிற சொந்தக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு மிகவும் பயனுள்ள பொருள் என்பதுதான்.