சேலத்து நிழலும் நாகலூர் ஜன்னலும்

ஒரு வரைபடத்தின் நிறம்தான் என்னை ஏற்காட்டுக்குக் கிளப்பியது.

நாற்பத்து நான்கு வயதில் எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். சுவர் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம், ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், பகலில் விளக்கு இல்லாமல் எத்தனை நேரம் சமாளிக்கலாம் என்று சொல்லும் கட்டட விதிகள் மேசை நிறையக் கிடக்கின்றன. நாட்டைக் காலநிலைவாரியாகப் பிரித்து வண்ணம் தீட்டிய படம் ஒன்றும் அவற்றில் உண்டு. என் பிரதியில் சேர்வராயன் மலைக்கும் அடிவாரத்துச் சேலத்துக்கும் ஒரே நிறம்: ஈரப்பதமான வெப்பப் பகுதி. பள்ளிச் சுற்றுலாவில் ஏற்காட்டு ஏரிக்கரையில் பல் கிடுகிடுத்தது ஞாபகம் வந்தது. ஜனவரி முதல் வாரம் இரண்டு நாள் கிடைத்ததும், சிறிய வெப்பமானி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு சென்னையிலிருந்து இரவு ரயில் ஏறிவிட்டேன். மலையில் குளிருமா என்று பார்க்கவா இவ்வளவு செலவு என்று கணவர் கேட்டார். ஆமாம் என்றேன். நாற்பதைத் தாண்டிய பிறகு இப்படி ஒரே வார்த்தையில் பதில் சொல்வது சுகமாக இருக்கிறது.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை ஆறரைக்கு வெப்பமானி 21 டிகிரி காட்டியது. ஏற்காடு பேருந்து ஏழு மணிக்குக் கிளம்பியது. ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள், கட்டணம் நாற்பது ரூபாய்க்குள். வளைவு ஏற ஏற, முன்னிருக்கைப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சால்வையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார்கள். எட்டேகாலுக்கு ஏற்காட்டில் இறங்கினேன். 14 டிகிரி. ஒரு மணி நேரத்துச் சாலையில் ஏழு டிகிரி இறங்கியிருந்தது. பேருந்து நிலையத்தில் நின்று தனியாகச் சிரித்தேன்.

இட்லி சாப்பிட்டுவிட்டு, நாகலூர்ப் பக்கம் காபி எஸ்டேட்டுகளின் நடுவே இருக்கும் வீடுகளைப் பார்க்க ஜீப் ஒன்றை அரை நாளுக்கு 1,500 ரூபாய் பேசி அமர்த்தினேன். பேருந்தும் உண்டு, நேரம் கேட்டுக்கொண்டு நின்றால் பத்துப் பதினைந்து ரூபாயில் போய்விடலாம். ஓட்டுநர் பழனிசாமிக்கு என் வயதிருக்கும். நான் வழி நெடுக வெப்பமானியை வெளியே நீட்டுவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தவர், கடைசியில் கேட்டுவிட்டார்.

"ஏனுங்க மேடம், ஜீப்புக்குக் காய்ச்சலுங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். கட்டட விதி படிக்கிறேன் என்றதும் வண்டியின் வேகம் குறைந்தது. அவரும் நாகலூரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறாராம். எஸ்டேட் குடியிருப்பிலிருந்து சொந்த வீட்டுக்குப் போகப் போகிறார்கள். அவர் மனைவி சரசு தையல்காரர். வீட்டில் ஓர் அறை அவருடைய தையலுக்கென்றே. இப்போதிருக்கும் இடத்தில் பகலிலும் குண்டு பல்பின் கீழேதான் தைக்கிறாராம். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டினால் கோணிக்கொண்டு போகிறது, பிரித்துத் தைப்பதே பாதி வேலை. பொங்கல் ரவிக்கைகள் குவிந்து கிடக்கின்றன. இந்த நேரத்தில் அந்த அறையின் ஜன்னலுக்காக சரசுவுக்கும் மேஸ்திரிக்கும் இரண்டு நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை. இன்று சுவர் ஜன்னல் மட்டத்தைத் தாண்டிவிடும். "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க. காசு கொறச்சுக்கறேன்" என்றார். காசு குறைக்க வேண்டாம், காபி போதும் என்றேன்.

வீட்டைப் பார்த்ததும் கதை புரிந்தது. சரசுவின் அண்ணன் சேலத்தில் வீடு கட்டியிருக்கிறார். போன மே மாதம் அங்கே போய்த் தங்கிய பழனிசாமியும் சரசுவும் மின்விசிறி கூடப் போடாமல் தூங்கி எழுந்திருக்கிறார்கள். சின்ன ஜன்னல்கள், இரண்டரை அடி சன்ஷேடு, மொட்டை மாடியில் வெள்ளை ஓடு. சொக்கிப்போய் அதே வரைபடத்தை வாங்கி, அதே மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு மலையேறிவிட்டார்கள். வெயிலை வெளியே நிறுத்துவதற்காகவே யோசித்துக் கட்டிய வீடு, வெயிலைத் தேடி ஆட்கள் சுவரோரம் ஒண்டும் ஊரில் எழும்பிக்கொண்டிருந்தது.

தையல் அறை பத்துக்குப் பத்து. மற்ற மூன்று சுவரும் தலைக்கு மேல் எழும்பியிருந்தன, தெற்கு மட்டும் இடுப்பளவில் நின்றது. தெற்குச் சுவரில் இரண்டடி அகலம், மூன்றடி உயரத்துக்கு ஜன்னல் குறித்திருந்தார் குப்புசாமி மேஸ்திரி. சரசு குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது சன்னலுங்களா? உண்டியல் ஓட்டைங்க."

"ஏன் அம்மிணி, உங்கண்ணன் ஊட்டுல படுத்துக்கிட்டு நொம்ப சுகமா இருக்குதுன்னது ஆரு? நானா?"

"அப்ப சொன்னேன். அங்க வெளிய வெயிலு கொளுத்துச்சு, சொன்னேன். இங்க எனக்கு ஊசிக் கண்ணு தெரியோணும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். படித்தது நிறைய, இதுவரை ஒரு செங்கல்லைக்கூட என் சொல்லால் நகர்த்தியதில்லை. அந்த விதிகள் இத்தனை சிறிய வீட்டைக் கட்டாயப்படுத்துவதுமில்லை. தெரிந்ததைச் சொன்னேன். திறக்கக்கூடிய ஜன்னல், ஈரப்பதமான வெப்பப் பகுதியில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு, மிதமான பகுதியில் எட்டில் ஒரு பங்கு வேண்டும் என்கிறது விதி. நூறு சதுர அடி அறைக்கு ஆறு சதுர அடி ஜன்னல், எந்த நிறத்துப் பகுதியானாலும் போதாது. மேஸ்திரி மரியாதையாகக் கேட்டுவிட்டு, புத்தகத்தில் இருப்பது சரிதான், ஆனால் தெற்கே பெரிதாகத் திறந்தால் வெயிலில் வெந்துபோவார்கள் என்றார். அவர் பிறந்து வளர்ந்தது சமவெளியில். அவர் சொன்னதில் தப்பில்லை, சொன்ன இடம்தான் வேறு.

பேசித் தீராது என்று தெரிந்தது. உட்கார்ந்து பார்த்துவிடலாமே என்றேன்.

அடுத்த அரை மணி நேரம் இந்தப் பயணத்திலேயே மகிழ்ச்சியானது. கூரையில்லாத அறையின் மேல் ஜீப் தார்ப்பாயை மடித்துப் போட்டோம். தெற்குப் பக்கம் கம்பளிகளைத் தொங்கவிட்டு, ஆறு சதுர அடி மட்டும் விட்டோம். பழனிசாமி பக்கத்துக் குடியிருப்பிலிருந்து தையல் மெஷினைத் தூக்கி வந்து வைத்தார். சரசு உட்கார்ந்து கறுப்பு நூலைக் கோர்க்கப் பார்த்தார். முடியவில்லை. அம்மிணி வேண்டுமென்றே தடவுகிறது என்று மேஸ்திரி ஊசியை வாங்கினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி, நூல் நுனியை நாக்கில் நனைத்து, அவரும் தோற்றார். அப்போது பத்து மணி இருக்கும். கம்பளியை நாலடிக்கு நாலடி விலக்கினோம். மார்கழி வெயில் தெற்கே சாய்ந்து வந்து அறைக்குள் பாய் விரித்த மாதிரி விழுந்தது. சரசு ஒரே முயற்சியில் நூலைக் கோர்த்துவிட்டார். கையிலிருந்த துண்டுத் துணியில் நேராக ஒரு தையல் ஓட்டினார்.

கோடையில் சூரியன் உச்சிக்கும் வடக்கே போய்விடும், இந்த ஜன்னல் வழியே நேர் வெயில் வராது என்று மேஸ்திரிக்கு விளக்கினேன். திரும்பிப் பார்த்தால் அவர் வெயில் விழுந்த இடத்தில் சிமென்ட் மூட்டையின் மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். காபி தயார் என்று பழனிசாமி வெளியிலிருந்து கூப்பிட்டார்.

"இங்கயே கொண்டாங்க" என்றார் மேஸ்திரி. எழுந்திருக்கவில்லை.

சரசு முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பொத்தாமல் சிரித்தார். காபி முடிவதற்குள் ஜன்னல் நாலுக்கு நாலு என்று முடிவாயிற்று. பதினாறு சதுர அடி: ஆறில் ஒரு பங்குக்கு மயிரிழை குறைவு, எட்டில் ஒரு பங்குக்குத் தாராளம். சன்ஷேடை எடுத்தே விடலாம் என்றேன். மேஸ்திரி தலையாட்டவில்லை. மழைச் சாரலில் மெஷின் துருப்பிடிக்கும், ஓரடியாவது வேண்டும் என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. ஓரடி என்று முடிந்தது. வெள்ளை ஓட்டுக்காக வைத்திருந்த பணம் ஜன்னல் கதவுக்குப் போயிற்று.

திரும்பும் வழியில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். விதி என்பது யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து போட்ட எண் என்றுதான் ஒரு வருடமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஆறில் ஒரு பங்குக்கும் எட்டில் ஒரு பங்குக்கும் பின்னால் ஊசியோடு யாராவது உட்கார்ந்திருக்கக்கூடும் என்று அன்றுதான் உறைத்தது. அன்றிரவு விடுதி அறையில், வாடகை 1,800, இரண்டு கம்பளிக்குள் புகுந்துகொண்டு படித்த பாடம் இன்னும் மறக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர், ஜனவரியில் காலை வெளிச்சம் அருமை, ஆனால் பத்து மணிக்குமுன் பனி விலகுவது சந்தேகம். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். விடுதியில் தெற்குப் பார்த்த அறை கேளுங்கள். ஏன் என்று கேட்டால் இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள். வீடு கட்டுபவர்கள், பிடித்த வீட்டை எந்த மாதத்தில் பார்த்தீர்கள் என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

வைகாசியில் பழனிசாமியும் சரசுவும் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். புது அறையில் தைக்கும் முதல் ரவிக்கை எனக்குத்தான் என்று சரசு ஜனவரியிலேயே அளவு எடுத்திருந்தார். போன வாரம் கூரியரில் வந்தது. கறுப்புத் துணி, கறுப்பு நூல், மடிப்பைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தையல் கோடு போட்டது போல நேராக ஓடியிருந்தது. தோள் மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது, அது என் தப்பு. குளிருக்குப் பயந்து ஸ்வெட்டரோடு நின்று அளவு கொடுத்தேன். நீங்கள் நாகலூரில் ரவிக்கை தைக்கக் கொடுத்தால் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். அந்த ஜன்னலோரம் குளிராது.