குழாயில் போன கஞ்சி

செல்வலட்சுமியைப் பற்றி எங்கள் லயத்தில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். பாவம் என்பார்கள், இல்லையென்றால் திமிர் பிடித்தவள் என்பார்கள். பாவம் என்று உச்சுக்கொட்டிக்கொண்டு வருகிறவர்களை அவள் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். அப்படித் திரும்பி வந்தவர்கள் கிளப்பிவிட்டதுதான் அந்தத் திமிர்ப் பேச்சு. நான் கத்தரீனாள், கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில் ஏலத்தோட்டத்து அங்கன்வாடி டீச்சர். லயத்து வரிசை வீடுகளில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தச் சுவரும் ரொம்ப மெல்லிசு.

சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து முனீஸ்வரனைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தவள் அவள். ஏலக்காய் எடுக்கப் போனால் கையும் ஓடும், வாயும் ஓடும். முனீஸ்வரன் ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோரில் அடுப்பு பார்க்கிறவன். வாய்க்குப் பூட்டுப் போட்ட மனுஷன். இரண்டு பேர் பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள் என்று கேலி செய்வோம். அவளும் சிரிப்பாள்.

அவர்களுக்கு ஒரே மகள், வர்ணிகா. பிறந்தபோது அழவில்லை. மூச்சு முட்டி, மூளைக்குக் காற்றுப் போகாமல், கண்ணாடிப் பெட்டியில் நெடுநாள் கிடந்து வீட்டுக்கு வந்தாள். கழுத்து நிற்கவில்லை, பேச்சு வரவில்லை. விழுங்கவும் தெரியவில்லை. வாயில் எதைக் கொடுத்தாலும் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று சொல்லி, மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டு அனுப்பினார்கள்.

எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பார்கள். வீட்டில் நல்ல குணமுள்ள ஒருவர் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. பிள்ளை சேட்டை செய்தால், "ஒனக்குச் சேனை வச்சது யாருடா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வர்ணிகாவுக்கு யாரும் வைக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் யார் போய் வைப்பது? ஆனால் லயத்தில் வம்பளக்க மருதாத்தாளைப் போல நாலு பேர் இருக்கிறார்களே, "சேனை படாத நாக்கு, அதான் பேச்சு வரல" என்று முனீஸ்வரனின் காதுபடவே சொல்வார்கள். செல்வலட்சுமி இருந்தால் சண்டைக்குப் போவாள். அவன் கேட்டுக்கொண்டு போய்விடுவான்.

அவள் ஊட்டுவதை நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அங்கன்வாடிச் சத்துமாவுப் பொடியைக் கஞ்சியாகக் காய்ச்சித் துணியில் வடிகட்டுவாள். வயது தாண்டிய பிள்ளைக்கு அந்தப் பொடி கிடையாது என்பது சட்டம். நான் கொடுத்தேன், கேட்கிறவர்கள் வந்து கேட்கட்டும். மகளைச் சாய்த்துப் பிடித்து, குழாயின் வாயில் சிரிஞ்சைச் செருகி, கஞ்சியை ஊற்றி உயர்த்திப் பிடிப்பாள். கஞ்சி தானாக இறங்கும். அவள் கதை பேசிக்கொண்டே இருப்பாள். "இது பொரிகடல போட்ட கஞ்சி, நல்லாருக்கா? இன்னைக்கு ஒங்கப்பன் சீனி வாங்கியாரல, அதான் இனிப்புக் கம்மி." வர்ணிகா கூரையைப் பார்த்துக் கிடப்பாள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்ப்பது. சிரிஞ்சால் கொஞ்சம் காற்றைத் தள்ளிவிட்டு, மகளின் வயிற்றில் காதை வைப்பாள். களுக்கென்று சத்தம் கேட்டால் கஞ்சியை எடுப்பாள். வீடு வீடாக வரும் நர்ஸ் லிஜி இதைப் பார்த்துத் திட்டினாள்.

"அந்தச் சத்தத்த மட்டும் நம்பாதீங்கக்கா. கொழாய் நொரையீரலுக்குள்ள போயிருந்தாக்கூட வயித்துல சத்தம் கேக்கும்."

அன்றிலிருந்து செல்வலட்சுமிக்கு நிம்மதி போயிற்று. சத்தம் கேட்ட பிறகும் சிரிஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு மகளின் மூச்சையே பார்த்துக்கொண்டிருப்பாள். சந்தேகம் வந்தால் ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். அங்கே எக்ஸ்ரே எடுப்பார்கள். பச்சைப் பிள்ளைக்கு எத்தனை எக்ஸ்ரேதான் எடுப்பது?

போன வருஷம் அந்த ஆஸ்பத்திரிக்கு ஜிதின் டாக்டர் வந்த பிறகுதான் அது மாறியது. மலையாளத்துப் பையன், தமிழ் தட்டுத் தடுமாறிப் பேசுவார். எக்ஸ்ரே வேண்டாம் என்று சொல்லி, கர்ப்பிணிகளுக்கு வைத்துப் பார்க்கும் ஸ்கேன் மிஷினை உருட்டிக்கொண்டு வந்தார். நான் கூட இருந்தேன். முதலில் கழுத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு வயிற்றில். "சேச்சி, ரெண்டு வெள்ளக் கோடு காணுதா? அதுதான் டியூப். வயித்துலதான் இருக்கு." பிறகு குழாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டார். திரையில் கறுப்பாக இருந்த இடத்தில் வெள்ளைப் புள்ளிகள் குபுகுபுவென்று பொங்கின.

"அய்யோ டீச்சர், குடிக்கிறா பாருங்க! எம்புள்ள குடிக்கிறா!" என்று என் கையைக் கிள்ளிவிட்டாள் செல்வலட்சுமி. இன்னொரு தடவை காட்டச் சொன்னாள். டாக்டர் சிரித்துக்கொண்டே காட்டினார். அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் கேட்டாள்.

"சார், அவளுக்கு ருசி தெரியுமா?"

டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. "அது ஸ்கேன்ல தெரியாது சேச்சி" என்றார்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் முனீஸ்வரனிடம் அவள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். "வயிறு தெரியுதுங்க, தண்ணி போறது தெரியுது, எல்லாந் தெரியுது. ருசி மட்டுந்தான் தெரியாதாம்."

இந்த ஆடியில் மழை பிடித்துக்கொண்டது. வர்ணிகாவின் நான்காவது பிறந்தநாளும் அந்த மழையில்தான் வந்தது. செல்வலட்சுமி காய் எடுக்கப் போயிருந்தாள், முனீஸ்வரன் மகளோடு இருந்தான். மத்தியானம் அவள் திரும்பி வந்தபோது குழாய் வெளியே கிடந்தது. "இருமுனா, வந்துருச்சு" என்றான். லிஜிக்குப் போன் போட்டோம். பாதையில் மரம் விழுந்து கிடக்கிறது, நாளைக்குத்தான் வர முடியும் என்றாள். அதுவரை பிள்ளையைப் பட்டினி போட முடியுமா? முன்பு லிஜி கற்றுக்கொடுத்தபடி செல்வலட்சுமியே குழாயை உள்ளே விட்டாள். காதை வைத்தாள், சத்தம் கேட்டது. சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சிப் பார்த்தாள், வயிற்றுத் தண்ணீர் ஒன்றும் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டுக் கஞ்சி கொடுத்தாள்.

மறுநாள் காலையில் பிள்ளைக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. மரத்தை வெட்டிப் பாதை விட்டதும் ஜீப் டிரைவர் சிலுவைராஜ் வண்டியை எடுத்தான். வழியெல்லாம் செல்வலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். "எங் கையாலயே ஊத்திட்டேனே டீச்சர். கொழாய் நெஞ்சுக்குள்ள போயிருக்கு. கஞ்சிய எம்புள்ள நெஞ்சுல ஊத்திட்டேன்." நான் அவள் கையைப் பிடித்தேன், உதறினாள். முனீஸ்வரன் முன் சீட்டில் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். செல்வலட்சுமி டாக்டரின் காலில் விழப் போனாள். "சார், அந்த மிஷினக் கொண்டாங்க. கொழாய் எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் கொண்டுவந்தார். கழுத்தில் வைத்தார், வயிற்றில் வைத்தார், தண்ணீர் விட்டார். அதே வெள்ளைக் கோடுகள். அதே புள்ளிகள் பொங்கின.

"சேச்சி, நோக்குங்க. டியூப் வயித்துலதான் இருக்கு. நீங்க வச்சது கரெக்டு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் டாக்டர் கேட்டார். "பின்ன, வாயில எதாவது கொடுத்தோ?"

"சத்தியமா இல்ல சார். பொறந்ததுல இருந்து ஒரு சொட்டு குடுத்ததில்ல."

"நாங் குடுத்தேன்" என்றான் முனீஸ்வரன்.

எல்லாரும் திரும்பினோம். கதவோரத்தில் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "சேனை வச்சேன் சார். பொறந்த நாளுன்னு. சர்க்கரத் தண்ணி. மொதல்ல வெரல்ல தொட்டுத்தான் வச்சேன். சப்புனா. அப்புறம் ஒரு கரண்டி குடுத்தேன். இன்னொரு கரண்டி குடுத்தேன். அப்பத்தான் இருமுனா."

குழாய் ஏன் வெளியே வந்தது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஜீப்பில் அவள் தலையில் அடித்துக்கொண்டபோது இவன் வாயைத் திறக்கவில்லையே என்று நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் நல்லவர். நெஞ்சில் முதலிலேயே பலமில்லை, எச்சில் இறங்கினால்கூட இப்படி வரும், இதனால்தான் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். முனீஸ்வரன் தலையை ஆட்டினான். அவன் நம்பவில்லை.

வர்ணிகா அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

ஏலக்காட்டுக்கு மேலே புதைத்துவிட்டு வந்தார்கள். செல்வலட்சுமி புருஷனைத் துரத்திவிடுவாள் என்று லயமே எதிர்பார்த்தது. நானும் எதிர்பார்த்தேன், ஏன், ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம். அவள் துரத்தவில்லை. பேசவும் இல்லை. அவ்வளவு பேசுகிறவள் வாயை மூடிக்கொண்டதும் அந்தப் பக்கத்துச் சுவர் செத்துப்போனது போல இருந்தது.

அப்படிக் கொஞ்ச நாள் போன பிறகு, ஒரு மத்தியானம் நான் சோறு கொண்டுபோனேன். அவள் மகளின் சிரிஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் சுவரில் சாய்ந்து கிடந்தான். என்னைப் பார்த்தும் பார்க்காதது போல, அவனிடம் கேட்டாள்.

"சப்புனாளா?"

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "சப்புனா."

"இனிப்பு தெரிஞ்சுச்சா அவளுக்கு?"

"தெரிஞ்சுச்சு லட்சுமி. கண்ண அகல முழிச்சா. சப்புக் கொட்டுனா. இன்னும் வேணும்னு வாயத் தொறந்தா. அதப் பாத்துட்டுத்தான் நான்..."

"நாலு வருசம் ஊட்டுனேன் டீச்சர்" என்றாள், என் பக்கம் திரும்பாமலே. "ஒரு நாளு எம் மூஞ்சியப் பாத்துச் சப்புக் கொட்டல. நாந்தான போயி டாக்டர்ட்ட ருசி தெரியுமான்னு கேட்டேன். இந்த மனுசன் அத மனசுல வச்சுக்கிட்டாரு." பிறகு அவனைப் பார்த்து, "எந்த வெரலு?" என்றாள்.

அவன் வலது கை ஆள்காட்டி விரலை நீட்டினான். ஒடித்துவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அதைத் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மறுக்கா சொல்லுங்க" என்றாள். "மொதல்ல இருந்து சொல்லுங்க."

நான் சோற்றைக் கீழே வைத்தேன். முனீஸ்வரன் சொல்ல ஆரம்பித்தான்.