குளத்தில் மிதந்த எண்ணெய்

ஜெர்மனியில் குளிக்கிற குளத்தை எண்ணெயாக்கிவிட்டு வந்தவன் சங்கரலிங்கம் அல்லன். நான்தான்.

நீங்கள் தென்காசிப் பக்கத்துக்காரர் என்றால் இந்தக் கதையை எங்கேயாவது கேட்டு வயிறு வலிக்கச் சிரித்திருப்பீர்கள். சாரல் காலத்தில் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கி, மூன்று வேளையும் குளித்து, மூன்று வேளையும் தின்று, இடையில் பொழுது போகாமல் அடுத்தவனை மெல்லுகிற கூட்டத்தில் நீங்களும் ஒருவராக இருந்திருக்கலாம். உங்கள்மேல் எனக்கு மரியாதை கிடையாது. என்மேல் அதைவிடக் குறைவு. ஆகவே ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் கல்லூரியிலிருந்து இரண்டு பேரை ஆறு மாதப் படிப்புக்கு ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். நான் மேலகரத்துப் பண்ணை வீட்டுப் பிள்ளை. சங்கரலிங்கம் தென்காசிப் பாத்திரக்கடைக்காரர் மகன். கப்பல் ஏறும்போதே எனக்கு அவனிடம் இளக்காரம். அவன் சட்டைக் காலரைப் பார்த்தே, இவன் அங்கே போய் என் மானத்தை வாங்கப் போகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

யார் மானத்தை யார் வாங்கியது!

நாங்கள் தங்கிய வீட்டில் கட்டிலின்மேல் இறகு அடைத்த கனத்த மெத்தை ஒன்று கிடந்தது. அது போர்த்திக்கொள்வதற்கு. நான் அதன்மேல் ஏறிப் படுத்து, ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு ஐந்து நாள் நடுங்கினேன். சங்கரலிங்கம் முதல் நாளே வீட்டுக்கார அம்மாளிடம் சைகையில் கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்குள் நுழைந்து சுகமாகத் தூங்கினான். கேட்பது கேவலம் என்று நினைத்தவன் நான்.

அடுத்தது குளியலறை. தொட்டிக்குள் உட்கார்ந்து தன் அழுக்கில் தானே ஊறுவதா என்று எனக்குக் குமட்டியது. தொட்டியை நிரப்பிவிட்டு, பக்கத்தில் தரையில் குந்தி, ஒரு பூச்சாடியால் மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன். நம் வீடுகளில் தண்ணீர் போக மடை இருக்கும். அந்தத் தரையில் ஒரு துளைகூடக் கிடையாது. நான் தலை துவட்டி முடிப்பதற்குள், கீழே சமைத்துக்கொண்டிருந்த அம்மாளின் அடுப்பில் கூரை ஒழுகிவிட்டது. புகார் நாங்கள் அங்கே படித்த கல்லூரி வரைக்கும் போனது. இன்னொரு புகார் வந்தால் சான்றிதழ் இல்லை, ஊருக்குக் கப்பல்தான் என்று பேராசிரியர் முகத்துக்கு நேரே சொன்னார்.

அதற்குப் பிறகுதான் எண்ணெய்...

சனிக்கிழமைக் குளியல் இல்லாமல் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்து அனுப்பிய நல்லெண்ணெய் டின் திறக்காமல் கிடந்தது. அந்த ஊரில் கண்ணாடிக் கூரை போட்ட பெரிய குளியல் மண்டபம் உண்டு. உள்ளே வெந்நீர்க் குளம். அங்கே போய்த் தேய்த்துக் குளிக்கலாம் என்றேன்.

“வேண்டாம்லே. இது விழுத தண்ணி இல்ல, கெடக்குத தண்ணி” என்றான் சங்கரலிங்கம்.

“அருவித் தண்ணியில வளந்தவனுக்கு நீ குளிக்கச் சொல்லித் தருதியோ?” என்றேன்.

உடை மாற்றும் அறையில் உச்சி முதல் உள்ளங்கால் வரை சொட்டச் சொட்டத் தேய்த்து, ஊறவிட்டு, குதித்தேன். எண்ணெய் என்னைவிட்டுப் பிரிந்து வட்டம் வட்டமாக, அவசரமே இல்லாமல், அங்கே நீந்திக்கொண்டிருந்த கனவான்களை நோக்கிப் போயிற்று. ரப்பர் தொப்பி போட்ட ஒரு கிழவி முகத்தைத் துடைத்தாள், கையை முகர்ந்து பார்த்தாள், வீறிட்டாள். காவலாள் விசில் ஊதினான். ஐந்து நிமிடத்தில் குளத்தில் ஒருவரும் இல்லை.

எல்லோருக்கும் முன்னால் ஏறி ஓடி அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டவன் நான். நீந்தத் தெரியாத சங்கரலிங்கம் கரையில் நனையாமல் நின்றிருந்தான். அந்த மண்டபத்தில் கறுத்த ஆள் அவன் ஒருவன்தான் மிச்சம். காவலாள் அவன் தோளைப் பிடித்தான். கதவிடுக்கில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என் கதவைப் பார்த்தான். ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். நீட்டவில்லை. “நான்தான்” என்று அந்த ஊர் மொழியிலேயே சொன்னான்.

மாலை வரை சலவைச் சோடாவும் பிரஷும் கொடுத்து ஓரத்து ஓடுகளைத் தேய்க்கவைத்தார்கள். திரும்பி வரும்போது அவன் கையெல்லாம் அரித்துச் சிவந்திருந்தது.

“ஒனக்கு ரெண்டாவது புகாருலா. எனக்கு மொதல்தானே” என்றான். அவ்வளவுதான். நான் நன்றி சொன்னேனா? இல்லை. துண்டில் எண்ணெய் வாடை போய்விட்டதா என்று முகர்ந்துகொண்டே வந்தேன்.

அந்த நாட்களில்தான் அவன் கோமதியைப் பற்றிச் சொன்னான். சுந்தரபாண்டியபுரத்தில் நிலபுலன் உள்ள வீட்டுப் பெண். அக்காள் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்தவளைக் கடையில் பார்த்திருக்கிறான். “பேசிப் பாக்கச் சொல்லி அம்மைக்கு லெட்டர் போட்டிருக்கேன்” என்று தலையைக் குனிந்துகொண்டான். தராசு பிடிக்கிற வீட்டுக்கு நிலக்காரர் மகளா என்று நான் உள்ளுக்குள் சிரித்தேன். வெளியே முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

ஊர் திரும்பினோம். சாரல் நன்றாக விழுந்த வருஷம் அது. பேரருவிப் பக்கம் சேக்காளிகளோடு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒருவன், “சீமையில எண்ண தேச்சுக் குளிச்சியா மாப்ள?” என்று கேட்டான்.

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. அந்த நாக்குதான், “நான் எங்க? நம்ம சங்கரலிங்கம் தேச்சான் பாரு ஒரு தேப்பு...” என்று ஆரம்பித்தது.

சிரித்தார்கள். எப்படிச் சிரித்தார்கள்! அந்தச் சிரிப்புக்கு நான் அடிமையானேன். மறுநாள் இறகு மெத்தையை அவனுக்குக் கொடுத்தேன். அதற்கு மறுநாள் கூரை ஒழுகியதையும் கொடுத்தேன். என் மடத்தனம் மொத்தமும் அவன் பெயருக்கு மாறியது. ஆடி முடிவதற்குள் அவனுக்கு ‘எண்ணெய்க்குளம்’ என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. குடம் வாங்க வந்தவர்கள்கூட, “குளத்துக்கு எத்தன டின்னு எண்ண ஆச்சு?” என்று கேட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே குடத்தை எடை போட்டான். மறுக்கவே இல்லை. கேட்டவன் ஒருவனுக்காவது, இவ்வளவு நிதானமான ஆள் இதைச் செய்திருப்பானா என்று தோன்றியதா? உங்களுக்குத் தோன்றியதா?

பிறகு கோமதியின் அப்பா வந்தார். சங்கரலிங்கத்தின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். ஆளை விசாரிக்க என்னைத் தேடிக் குற்றாலத்துக்கே வந்துவிட்டார்.

“தம்பி, சீமையில ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தியளாமே. ஆளு எப்படி?”

நல்லவன் என்ற ஒரு சொல் போதும். எனக்காகக் கை வெந்தவன் என்று சொல்லவேண்டியதுகூட இல்லை... நான் மூன்று கதைகளையும் சொன்னேன். நடித்தும் காட்டினேன். பெரியவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். துண்டால் துடைத்துக்கொண்டு, “பையன் நல்ல பையன்தான் போலிருக்கு. ஆனா நாலு பேரு பாத்துச் சிரிக்குத ஆளுக்கு எப்படிப் பொண்ணக் குடுக்க?” என்று எழுந்தார்.

கோமதியை நானே அடைய நினைத்துச் செய்தேன் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் ஒரு நியாயமாவது இருந்திருக்கும். நான் அவளைப் பார்த்ததுகூட இல்லை. ஒரு பெரிய மனிதரைச் சிரிக்கவைக்கிற ருசிக்காக, சிநேகிதன் வாழ்க்கையைக் கையில் எடுத்துக் கொடுத்தேன். இவ்வளவு மலிவான துரோகி எந்த ஊரில் இருக்கிறான்!

சங்கரலிங்கம் ஒரு நாள் மேலகரம் வந்தான். தெருவில் நின்றபடியே, “மத்த இடத்துலல்லாம் சொன்ன, சரி. அந்த வீட்டுல மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்லா” என்றான். அவன் போய்விட்டான்.

மூன்று மாதம் கழித்துக் கோமதியின் ஜாதகம் எங்கள் வீட்டுக்கு வந்தது. பொருத்தம் இருக்கிறது என்றார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பத்து வருஷம் ஆயிற்று. சங்கரலிங்கம் வடக்கே ஓர் ஆலையில் நல்ல வேலையில் இருக்கிறான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன மாதம் சாரலுக்கு வந்தவன் எங்கள் வீட்டுக்கும் வந்தான். விருந்தாளிகள் நாலைந்து பேர் இருந்தார்கள். கோமதி காப்பியை வைத்துவிட்டு, “அண்ணாச்சி, அந்த எண்ணக் கதைய நீங்களே ஒருக்கச் சொல்லுங்களேன். இவுக சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம். பட்டவுக வாயால கேக்கணும்லா” என்றாள்.

அண்ணாச்சி என்றாள். இப்போது சொல்லப் போகிறான்... சொல்லித் தொலையட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அவன் சொன்னான். தன் கதையாகவே சொன்னான். என்னைவிட நன்றாகச் சொன்னான். கிழவி கையை முகர்ந்ததை நடித்துக் காட்டினான். சோடாவில் கை வெந்ததைச் சொன்னான். அது ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. எல்லோரும் உருண்டு சிரித்தார்கள். முதலில் சிரித்தவன் நான்.

வாசல் வரை வழியனுப்பப் போனேன். செருப்பை மாட்டிக்கொண்டே, “கதையில ஏதும் விட்டுப்போச்சாலே?” என்று கேட்டான்.

“இல்ல” என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. கோமதி என்னை மணையில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிட்டாள். வழக்கம்போல உச்சியில் தட்டிக்கொண்டே பேசினாள்.

“நல்ல மனுசன்தான், பாவம். ஆனா அவுகளுக்கு வாக்கப்பட்டிருந்தேன்னு வையிங்க, இந்த ஊருல தல நிமிந்து நடக்க முடியுமா?”

“முடியாது” என்றேன்.

அவள் உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் வார்த்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள்.