வலது முழங்காலுக்கு மட்டும் வயசானது எப்படி?

அச்சகத்துக்கு மேலே இருக்கும் மாடி அறையில் தினமும் காலையில் யோகா வகுப்பு. கீழே இயந்திரம் ஓட ஆரம்பித்தால் தரை அதிரும். அதற்குள் எல்லாரும் கண்ணை மூடிப் படுத்து முடித்திருக்க வேண்டும் என்பது டீச்சரின் கணக்கு. ஒரே அறையில் கல்லூரிப் பெண், நிறைமாதத்தை நெருங்கும் கர்ப்பிணி, ஓய்வுபெற்ற லாரி டிரைவர், இன்னும் சிலர். வயசு பார்த்துப் பிரித்து நடத்தக் கூடாதா என்று யாராவது கேட்டால், "வீட்டுல வயசு பார்த்துப் பிரிஞ்சு உக்காந்தா சாப்பிடுறீங்க?" என்று திருப்பிக் கேட்பார்.

ஆள் கெட்டிக்காரர்தான். ஒரே ஆசனத்தை ஆளுக்கொரு அளவில் தைத்துக் கொடுப்பார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால், கல்லூரிப் பெண் மடக்கிய பாதத்தைத் தொடை வரை ஏற்றுவாள். கர்ப்பிணி சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கணுக்காலோடு நிறுத்திக்கொள்வாள். டிரைவர் நாற்காலியைப் பிடித்தபடி குதிகாலை மட்டும் தூக்குவார். யாராவது முகம் வாடினால், "வர்ற வரைக்கும் வந்தா போதும். மிச்சம் எங்கேயும் ஓடிப்போயிடாது" என்பார்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்த இடுப்பு வலிக்காக யோகா பக்கம் ஒதுங்கியவர் அவர். முதல் நாள் குனிந்தபோது விரல் முழங்காலைத் தாண்டவில்லை. அதை மறக்காததால்தான் மற்றவர்கள் உடம்பு அவருக்குப் புரிந்தது. தன் உடம்புக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. டீச்சர் என்றால் முழுசாகச் செய்து காட்ட வேண்டும் என்று ஒரு வீம்பு.

ஐம்பதைத் தாண்டியதும் வலது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் உயிர் போய் உயிர் வந்தது. வகுப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துச் சமாளித்தார். இந்த மாதத்தோடு வகுப்பை நிறுத்திவிடலாம் என்று மகளிடம் சொன்னார். அந்த அறை இல்லையென்றால் காலையில் எதற்காக எழுந்திருப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை.

"வயசாகுதும்மா, வேற ஒண்ணுமில்ல" என்றாள் மகள்.

"ஆகட்டும்டி. ஆனா இடது காலுக்கு ஏன் ஆகல? ரெண்டையும் ஒண்ணாத்தானே வளர்த்தேன்?"

மகள் சிரித்தாள். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வி காதுக்குள் புகுந்த எறும்பு மாதிரி குடைந்தது. செருப்பைத் திருப்பிப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரிதான் தேய்ந்திருந்தன. தூக்கத்தில் எந்தப் பக்கம் புரண்டு படுக்கிறேன் என்று மகளைக் கேட்டார். பையை எந்தத் தோளில் மாட்டுகிறோம் என்று கடைக் கண்ணாடிகளில் நோட்டம் விட்டார். "துப்பறியும் புலி கிளம்பிடுச்சு" என்று மகள் கிண்டல் செய்தாள். புலி அசரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தன் யோகா விரிப்பை அலசிப் பால்கனிக் கொடியில் போட்டார். வெயில் விழுந்ததும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் வெளிச்சம் ஊடுருவிப் பளிச்சென்று தெரிந்தது. அந்த இடம் அப்பளமாகத் தேய்ந்திருந்தது. ஈரத்தோடு இறக்கித் தரையில் விரித்து அதன் மேல் ஏறி நின்றார். வலது பாதம் அதில் கச்சிதமாகப் பொருந்தியது. இடது பாதத்தின் கீழே விரிப்பு கடையில் வாங்கியபடியே இருந்தது.

நின்ற இடத்திலேயே வகுப்பை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். "வலது காலை மடக்குங்க" என்பார். எதிரே நிற்பவர்கள் குழம்பாமலிருக்க, கண்ணாடியில் தெரிவதுபோலத் தான் இடது காலை மடக்கிக் காட்டுவார். அப்புறம் "அடுத்த பக்கம்" என்று சொல்லிவிட்டு விரிப்பிலிருந்து இறங்கி, யார் தோளை இறுக்குகிறார்கள், யார் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்கப் போய்விடுவார். அடுத்த பக்கத்தை அவர் செய்ததே இல்லை! வீட்டில் தனக்கென்று செய்வதும் எப்போதோ நின்றுபோயிருந்தது. இத்தனை வருஷமும் வலது கால் தூணாக நின்று பாரத்தைச் சுமந்திருக்கிறது. இளமை இருந்தவரை அது வாயைத் திறக்கவில்லை.

"அடிப்பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டார். வெட்கமாக இருந்தது. விடை கிடைத்த சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் வகுப்பில் "அடுத்த பக்கம்" என்றவர் விரிப்பை விட்டு இறங்கவில்லை. இடது காலில் நின்று வலது பாதத்தைத் தூக்கினார். அது கணுக்காலுக்கு மேல் ஏற மறுத்தது. உடம்பு ஆடியது. டீச்சர் ஆடி அங்கே யாரும் பார்த்ததில்லை. முகம் சூடாகிவிட்டது. வழக்கம்போல இறங்கி நடந்துவிட்டால் மானம் தப்பிக்கும். பாழாய்ப்போன வீம்பு அதைத்தான் சொன்னது. அவர் மறுபடியும் பாதத்தைத் தூக்கினார், மறுபடியும் ஆடினார்.

டிரைவர் ஓரத்தில் கிடந்த இன்னொரு நாற்காலியை இழுத்துவந்து அவர் பக்கத்தில் போட்டார்.

"பிடிச்சுக்குங்க டீச்சர். வர்ற வரைக்கும் வந்தா போதும்."

"மிச்சம் எங்கேயும் ஓடிப்போயிடாது" என்று சுவரோரத்திலிருந்து கர்ப்பிணி எடுத்துக் கொடுத்தாள்.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மட்டும் தூக்கினார். முழங்கால் முனகியது, ஆனால் கத்தவில்லை.

கீழே இயந்திரம் ஓட ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒருவர்கூடப் படுக்கவில்லை.

"அடுத்த மாசத்துலேருந்து எல்லாரும் கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க" என்றார் டீச்சர், நாற்காலியை விடாமல். "இனிமே நானும் ரெண்டு பக்கமும் செய்யணும்."